ரிட்டையர் ஆன டாக்டருக்கு டெல்டாவுல என்ன வேலை?

(எபிசோடோட எழுத்து வடிவம். வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. அவங்க பெங்களூருல வேலை பார்க்கிறாங்க. அம்மா மகப்பேறு மருத்துவர். அரசு வேலையில இருந்து 60 வயசுல ஓய்வு வாங்கிட்டு தஞ்சாவூர்ல இருக்காங்க. "கிளினிக் வைக்க அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனா சும்மா உட்காரவும் முடியல. காசு வாங்காம ஏதாவது செய்யணும்னா எங்க போறது?" இதுதான் கேள்வி.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற ஒரு வேலையில, மாசத்துல ஒரு தேதியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. ஏன்னு இப்ப பார்ப்போம்.

கேம்ப் போட்டா போதாதா?

இலவச சேவைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது மெடிக்கல் கேம்ப். ஷாமியானா, ஃப்ளெக்ஸ், ஒரு நாள் கூட்டம். 2004 சுனாமி நாகப்பட்டினத்தை அடிச்சபோதும், 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோதும் அப்படி வந்து நின்ன டாக்டர்கள் பெரிய உதவி. அவசர காலத்துக்கு அது சரி.

ஆனா பிரஷர், சுகர், ரத்தசோகை எல்லாம் ஒரு நாள்ல முடியற விஷயம் இல்லை. கேம்ப்ல பிரஷர் கூடுதலா இருக்குன்னு சொல்லிட்டு டாக்டர் ஊருக்குப் போயிட்டா, அடுத்த மாசம் அதை யார் பார்ப்பாங்க? சீட்டு மட்டும்தான் கையில மிஞ்சும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் வேலைக் கணக்கு. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறப்பு. தண்ணி வந்து சேர்ந்ததும் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி. நடவு வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரின்னா ஒரு நாள் கூலி போச்சு. திடீர்னு அறிவிக்கிற கேம்ப்புக்கு அவங்க எப்படி வருவாங்க? தேதி முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த நாளை ஒதுக்க ஒரு வழியாவது இருக்கும்.

ஒன்பதாம் தேதி

இப்படித் தேதி குறிச்ச ஒரு திட்டம் 2016ல இருந்து நாடு முழுக்க இருக்கு. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம். ஒவ்வொரு மாசமும் 9ஆம் தேதி, அரசு மருத்துவமனைகள்லயும் சுகாதார நிலையங்கள்லயும் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பரிசோதனை. ஒன்பது மாசத்தை ஞாபகப்படுத்தற தேதி. நாலாவது மாசத்துல இருந்து பிரசவம் வரைக்கும் இருக்கிறவங்கதான் முக்கியமான இலக்கு.

இந்தத் திட்டம் தொடங்கும்போதே அரசுக்கு வெளியில இருக்கிற டாக்டர்களையும் தன்னார்வலர்களா கூப்பிட்டாங்க. கேட்டது வருஷத்துக்கு 12 நாள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர், ஸ்கேன் பார்க்கிறவர், பொது மருத்துவர் எல்லாரும் பதிவு பண்ணலாம்.

அங்க போய் என்ன செய்வாங்க? பிரஷர், ஹீமோகுளோபின், சுகர், சிறுநீர், ஸ்கேன் முடிவுகளைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம்னு பிரிக்கணும். பிரச்சினை இல்லைன்னா தாய் சேய் அட்டையில பச்சை ஸ்டிக்கர். ஆபத்து இருந்தா சிவப்பு. சிவப்பு ஒட்டினவங்க எந்த ஆஸ்பத்திரியில பிரசவம் பார்க்கணும், எப்போ மறுபடி வரணும்னு அன்னைக்கே முடிவாகணும்.

"தமிழ்நாட்டுலதான் எல்லாரும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்க்கிறாங்களே"ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். 99 சதவீதத்துக்கும் மேல. ஆனா 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, இங்க கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைவா இருக்கிறவங்களுக்குப் பிரசவத்துல ரத்தப்போக்கு ஆச்சுன்னா தாங்க முடியாது. அதை அஞ்சாவது மாசத்துல கண்டுபிடிச்சா மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரி பண்ண நேரம் இருக்கு. பிரசவ வலியோட வரும்போது தெரிஞ்சா நேரம் இல்லை. முப்பது வருஷம் பிரசவம் பார்த்த ஒரு அம்மா, முகத்தையும் கால் வீக்கத்தையும் பார்த்தே சந்தேகப்படுவாங்க. அந்தக் கண்ணுதான் இங்க தேவை.

மகப்பேறு டாக்டர் இல்லைன்னா?

மூணு வழி சொல்றேன்.

ஒண்ணு, வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிறவங்க. பிள்ளைங்க சென்னையிலயோ துபாய்லயோ இருக்க, தனியா இருக்கிற பெரியவங்க டெல்டா கிராமங்கள்ல நிறைய. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. அந்த நர்ஸோட மாசம் ஒரு நாள் கூடப் போய், மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, வீட்டு ஆளுங்களுக்கு விவரம் சொல்லலாம்.

ரெண்டு, போன் வழியா ஆலோசனை. அரசோட ஈசஞ்சீவனி தளத்துல 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை நேரத்துல, ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர்கள் இலவசமா நோயாளிகளைப் பார்த்தாங்க. முட்டி வலியோட பஸ் ஏற முடியாத டாக்டருக்குக்கூட இது ஒத்துவரும்.

மூணு, சொல்லிக்கொடுக்கிறது. வயல் வேலைன்னா பாம்புக்கடி பயம் கூடவே இருக்கு. தமிழ்நாடு 2024 நவம்பர்ல பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சது. கடிச்ச இடத்தை வெட்டாதே, இறுக்கிக் கட்டாதே, உறிஞ்சாதே, காலை அசைக்காம உடனே விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இதை அறுவடைக்கு முன்னாடி ஊர் டாக்டர் ஒருத்தர் சொன்னா மக்கள் கேட்பாங்க.

மதுரை சொல்ற பாடம்

டாக்டர் கோ. வெங்கடசாமி கதை உங்கள்ல பலருக்குத் தெரியும். அரசு வேலையில இருந்து 58 வயசுல ஓய்வு. முடக்குவாதத்துல விரல்கள் கோணிப்போன கை. 1976ல 11 படுக்கையோட மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

எல்லாரும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனா அவங்க கண் முகாம்கள்ல எடுத்துக்க ஒரு விஷயம் இருக்கு. இடம் பிடிக்கிறது, ஊருக்குச் சொல்றது, ஆட்களைக் கூட்டிட்டு வர்றது எல்லாம் உள்ளூர் அமைப்புகளோட பொறுப்பு. டாக்டர் தன் நேரத்தைக் கண் பார்க்கிறதுக்கு மட்டும் செலவழிச்சார்.

போறதுக்கு முன்னாடி

தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு நடப்புல இருக்கான்னு பாருங்க. இலவசமா பார்த்தாலும் இது கட்டாயம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அப்புறம், தன் துறைக்குள்ளேயே நிக்கணும். எலும்பு டாக்டர் கர்ப்பிணிகளைப் பார்க்க உட்காரக் கூடாது. முக்கியமா, அங்க வேலை பார்க்கிற இளம் மருத்துவ அலுவலரை, நோயாளி முன்னாடி ஜூனியர் மாதிரி நடத்தக் கூடாது. மறுநாள் அந்த நோயாளியைப் பார்க்கப் போறது அவர்தான்.

இதுல உங்க வேலை

இதைக் கேட்கிற நீங்க டாக்டர் இல்லாம இருக்கலாம். ஆனா அம்மாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டு அங்கிளோ டாக்டரா இருப்பாங்க. அவங்களைத் தடுக்கிறது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்: ஆன்லைன் படிவம், ஓடிபி, பி.எச்.சி. வரைக்கும் போக வண்டி, "என்னை யார் கூப்பிடப் போறாங்க"ங்கிற தயக்கம். படிவத்தை நீங்க போன்லயே நிரப்பிக் கொடுக்கலாம். வட்டார மருத்துவ அலுவலரையோ மாவட்ட சுகாதார அலுவலரையோ கேட்டு, எந்த நிலையத்துல ஆள் தேவைன்னு தெரிஞ்சுக்கலாம். 9ஆம் தேதி காலையில ஒரு ஆட்டோ புக் பண்ணலாம்.

முதல் மூணு மாசம் மட்டும் இதை விடாம செய்யுங்க. நாலாவது மாசம், "டாக்டரம்மா வந்துட்டாங்களா"ன்னு அந்த ஊர்லயே கேட்க ஆரம்பிச்சுடுவாங்க.

உங்க ஊர்ல இப்படி யாராவது வேலை செஞ்சுட்டு இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.