யாரைப் பார்த்துச் சிரிப்பது?

2025 மார்ச் தொடக்கத்தில், மலேசியாவின் ஏரா எஃப்எம் மலாய் வானொலியின் அறிவிப்பாளர் மூவர் ‘வேல் வேல்’ என்று கூவிக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி பரவியது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலில் காவடி எடுப்பவர்களுக்கு அது நேர்த்திக்கடன். மூவரும் மன்னிப்புக் கேட்டனர். வானொலியை நடத்தும் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது.

இத்தகைய கேலியைத் தண்டிக்கும் சட்டத்தின் சொற்கள் எல்லா இனத்துக்கும் பொது. கேலியின் விளைவு அப்படியல்ல. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் பூமிபுத்திராக்கள் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) 69.4 விழுக்காடு, இந்தியர் 6.7. பெரும்பான்மையினரைப் பற்றிய பகடி அவர்களைச் சிரிக்கவைக்கும், சில வேளை சினமூட்டும்; பிழைப்பைத் தொடுவது அரிது. ‘குடிகார இந்தியன்’ நகைச்சுவை வேறு வகை. வெள்ளைக்காரர் காலத்து ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே நடந்தது. அந்த வரலாறு மறைந்து, பழி மட்டும் தங்கிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்தவரின் பிள்ளை வாடகை வீடு தேடும்போது, அந்தச் சிரிப்பு கதவை அடைக்கிறது. இதைச் சமமான கேலி என்பது அநியாயம்.

பேராக்கில் 1951இல் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட் வேறு வழி காட்டினார். ‘கம்போங் பாய்’ (1979) நூலில் தம் மலாய்க் கிராமத்தையே வரைந்தார்; ஈப்போவைக் களமாக்கிய ‘டவுன் பாய்’ (1981) சீன நண்பனோடான தோழமையைச் சொல்கிறது. பழகிய நெருக்கம் அந்தக் கோடுகளில் தெரிகிறது.

சிறுபான்மை என்பதும் நிலையான கவசமன்று. பிறர் வழிபாட்டை இழித்தால் யார் செய்தாலும் புண்தான். வங்காளதேசத் தொழிலாளரைத் தமிழர் கேலி செய்யும் இடத்தில், வலுவுள்ள தரப்பு தமிழரே.