மூட்டைக்குத் தன் விலை தெரியுமா?

செஞ்சிப் பக்கத்து அவலூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கமிட்டி என்றால் போதும். அறுவடைக் காலத்தில் நெல்லும் மணிலா எனும் நிலக்கடலையும் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு விவசாயி கொண்டுவரும் சரக்கு ஒரு லாட். அதற்கு ஓர் எண். வியாபாரிகள் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு விலையைச் சீட்டில் எழுதித் தருவார்கள். கடைசியில் சீட்டுகளைப் பிரித்து, எந்த லாட்டுக்கு யார் அதிக விலை எழுதினார் என்று அறிவிப்பார்கள். இதுதான் மறைமுக ஏலம். கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி மறுத்துவிடலாம்.

பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் ஒருநாள் இங்கே வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பாடநூல் ‘கிளாஸ்’ என்பதை இனக்குழு என்கிறது. லாட் என்றால் அதற்கு என்னென்ன தெரிய வேண்டும், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் வரையறைதான் இனக்குழு. இன்று காலை வந்து இறங்கிய 17ஆம் எண் லாட், அந்த வரையறைப்படி உருவான ஒரு பொருள். பைத்தான் 3இல் ‘மூட்டை’, ‘லாட்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

எழுதத் தொடங்கியதும் முதல் சிக்கல் வரும்: விலையை எங்கே வைப்பது? பெரும்பாலும் மூட்டைக்குள் வைத்துவிடுவார்கள். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைக்கு விலை ஏது? அதற்குத் தெரிந்தது தன் எடையும் தனக்குள் இருக்கும் பயிரும்தான். விலை, லாட்டின் மேல் நடக்கும் ஏலத்தில் பிறக்கிறது. ஆகவே ‘ஏலம்’ என்று தனியே ஓர் இனக்குழு வேண்டும். சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வதும், நேரம் வந்ததும் உயர்ந்த விலையைச் சொல்வதும் அதன் வேலை. அதுவரை உள்ளே இருக்கும் சீட்டுகளை வெளியிலிருந்து எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பாடநூலில் உறைபொதியாக்கம் என்று படித்து மிரள்கிறோமே, மறைமுக ஏலத்தின் ரகசியமும் அதுவே. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் விவசாயிக்கு நஷ்டம். நிரலில் தளர்ந்தால், எந்த வரி எந்த மதிப்பை மாற்றியது என்று தேடியே பொழுது போய்விடும்.

செஞ்சிப் பக்கத்துக் கமிட்டிகளில் நெல் மூட்டைக்கு 75 கிலோ, மணிலாவுக்கு 80 கிலோ என்று கணக்கு. ‘எடை எவ்வளவு?’ என்ற கேள்வி ஒன்றுதான். நெல் லாட் ஒரு விதமாகவும் மணிலா லாட் வேறு விதமாகவும் கணக்கிட்டுப் பதில் சொல்லும். இதுதான் பல்லுருவாக்கம். இரண்டும் ‘லாட்’ என்ற தாய் இனக்குழுவிலிருந்து பிறந்தவை. மரபுரிமம் அங்கே பொருந்துகிறது. மூட்டையை நெல்லின் வாரிசாக எழுதினால் தப்பு: மூட்டை நெல்லில் ஒரு வகை அல்ல, நெல்லைத் தாங்கும் சாக்கு.

பொருள்நோக்கு நிரலாக்க முறையே இப்படிப்பட்ட இடங்களைக் கணினியில் நடத்திப் பார்க்கப் பிறந்ததுதான். ஆஸ்லோவிலிருந்த நார்வே கணிப்பு மையத்தில் 1960களில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் இருவரும் வரிசைகளையும் காத்திருப்புகளையும் பாவனை செய்ய ஒரு மொழி செய்தார்கள். அதன் வளர்ச்சியான சிமுலா 67இல்தான் இனக்குழுவும் மரபுரிமமும் வந்தன. 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

நீங்கள் எழுதிப் பார்க்க ஒன்று. விலை படியாமல் விவசாயி மறுத்த சரக்கு மறுபடி ஏலத்துக்கு வருகிறது. அது பழைய லாட்டா, புதிய லாட்டா? மூட்டைகள் அதே மூட்டைகள், ஆளும் அதே ஆள்; எண்ணும் சீட்டுகளும் மட்டும் புதிது. நான் முதலில் எண்ணை லாட்டுக்குள் வைத்திருந்தேன். இந்தக் கேள்வி வந்த பிறகு, அதை எடுத்து ஏலத்திடம் கொடுத்துவிட்டேன்.