கிட்டாருக்கும் மூலப் பத்திரம் கேளுங்கள்

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு, 1980 அக்டோபரில், மனைவி யோகோ ஓனோ அவருக்கு ஒரு படேக் பிலிப் கைக்கடிகாரம் பரிசளித்தார். இரண்டே மாதங்களில் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிகாரம் ஓனோவுக்குத் தெரியாமல் அவர் வீட்டை விட்டு வெளியேறியது. ஜெர்மனி வழியாகக் கைமாறி, 2014-இல் ஒரு சேகரிப்பாளரிடம் 6 லட்சம் யூரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய மதிப்பு என்ன என்று அறிய அவர் அதை ஜெனீவாவில் ஓர் ஏல நிறுவனத்திடம் கொடுத்தார். அங்கிருந்து செய்தி ஓனோவின் வழக்கறிஞருக்குப் போனது. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது: கடிகாரத்தின் உரிமையாளர் ஓனோவே.

அந்தக் கடிகாரம் அசல். விலையும் முழுதாகக் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் வாங்கியவருக்கு அது சொந்தமாகவில்லை. ராக் இசைக்குழுக்களின் அரிய நினைவுப்பொருட்களைச் சேர்க்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நாம் நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், அதன் பிறகுதான் முன்பணம் கொடுக்கிறோம். ஒரு கிட்டாருக்கும், கையெழுத்திட்ட ஓர் இசைத்தட்டு உறைக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். இது யாரிடம் இருந்தது, யார் வழியாக வந்தது, அதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கைமாற்ற வரலாறுதான் வாங்குபவருக்கு உள்ள உண்மையான பாதுகாப்பு.

பணம் இருக்கும் இடத்தில் போலி

ராக் பாடகர் கர்ட் கோபேன் 1993-இல் எம்.டி.வி. அன்பிளக்டு நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் கிட்டார் 2020-இல் 60 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதற்கு முந்தைய ஆண்டில் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை அறப்பணிக்காக ஏலம் விட்டபோது 39.75 லட்சம் டாலர் கிடைத்தது. பீட்டில்ஸ் நால்வரும் கையெழுத்திட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ உறை ஒன்று 2013-இல் 2,90,500 டாலருக்குப் போனது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் சிறிய பொருட்களின் விலையும் ஏறுகிறது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு போஸ்டரோ, டிக்கெட் துண்டோ, கையெழுத்துப் படமோ வாங்கும் எளிய ரசிகரே போலிக்காரர்களிடம் முதலில் சிக்குகிறார்.

கையெழுத்து யாருடையது?

பீட்டில்ஸ் புகழின் உச்சத்தில் இருந்தபோது கையெழுத்துக் கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க நால்வருக்கும் நேரம் போதவில்லை. அவர்களுடன் பயணித்த உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் பல சமயம் நால்வரின் பெயரையும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் தாளும் பழையது, மையும் பழையது, வாங்கிய ரசிகர் சொல்லும் கதையும் உண்மை. கையெழுத்து மட்டும் பீட்டில்ஸுடையது அல்ல. அதனால் “எங்கள் பாட்டி நேரில் வாங்கியது” என்ற வாய்மொழி எவ்வளவு நேர்மையாகச் சொல்லப்பட்டாலும் ஆதாரமாகாது.

சான்றிதழ் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அமெரிக்காவில் கையெழுத்துப் போலிகளுக்கு எதிராக எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில், அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூடப் பிடிபட்டன. அந்தக் கும்பல் போலிக் கையெழுத்தோடு போலிச் சான்றிதழையும் சேர்த்தே விற்றுவந்தது.

பெயர்பெற்ற இடத்தில் வாங்கினாலும் கவனம் வேண்டும். 2022-இல் பாப் டிலன் கையால் கையெழுத்திட்டவை என்று அவருடைய புத்தகத்தின் 900 பிரதிகள் தலா 599 டாலருக்கு, பதிப்பகத்தின் உறுதிக் கடிதத்தோடு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கையெழுத்துகள் அச்சுப்போல் ஒன்றாக இருந்தன, போட்டது இயந்திரம். பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் மன்னிப்புக் கேட்டார். ஒரே மனிதர் இரண்டு முறை போடும் கையெழுத்துகள் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் சந்தேகப்பட வேண்டும்.

இசைத்தட்டிலும் உறையிலும்

1966 ஜூனில் அமெரிக்காவில் வந்த ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ தொகுப்பின் முதல் உறையில் பீட்டில்ஸ் நால்வரும் வெள்ளை அங்கியுடன், பச்சை இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளும் சூழ உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் கேப்பிட்டல் நிறுவனம் உறைகளைத் திரும்பப் பெற்றது. பலவற்றின் மேல் புதிய படத்தை ஒட்டி மீண்டும் கடைக்கு அனுப்பியது. ஒட்டப்படாத உறை, ஒட்டியபடியே இருக்கும் உறை, மேல்படம் உரிக்கப்பட்ட உறை என்று மூன்று நிலைகள் உண்டு. மூன்றுக்கும் விலை வேறு. விற்பவர் எந்த நிலை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒட்டிய உறை உங்களிடம் இருந்தால் நீங்களே உரிக்க முயலாதீர்கள். கிழிந்தால் மதிப்பு போய்விடும்.

இந்தியாவுக்கும் இந்தச் சந்தையில் ஓர் இடம் உண்டு. மேலை நாடுகள் 78 சுழற்சித் தட்டுகளைக் கைவிட்ட பிறகும், சாவி கொடுத்து ஓடும் கிராமபோன்கள் இங்கே புழக்கத்தில் இருந்தன. அதனால் 1960-களின் நடுப்பகுதிவரை பீட்டில்ஸ் பாடல்கள் பார்லோஃபோன் முத்திரையோடு 78 சுழற்சித் தட்டுகளாக இங்கே வெளிவந்தன. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். அதனாலேயே பிற்காலத்தில் வினைலில் செய்த நகல்களும் உலவுகின்றன. அசல் தட்டு அரக்கால் ஆனது: கனமானது, வளையாது, விழுந்தால் நொறுங்கும். வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் லேபிளையும் எண்ணையும் படமெடுத்து, விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல, விற்பவரும்தான்.

விற்பவருக்கு விற்க உரிமை உண்டா?

பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார், 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நின்றிருந்த வேனிலிருந்து திருடுபோனது. ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் நடத்திய தேடலில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து அவரிடமே திரும்பியது. செய்தி வெளியானது 2024 பிப்ரவரியில். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அது திருட்டுப் பொருளாகவே இருந்தது.

லெனனின் கிப்சன் கிட்டார் கதை வேறு மாதிரி. 1963 இறுதியில் காணாமல் போன அதை, அமெரிக்காவில் ஒருவர் அதன் வரலாறு தெரியாமல் குறைந்த விலைக்கு வாங்கிப் பல ஆண்டுகள் வாசித்துவந்தார். பின்னர் வரிசை எண்ணும் மரத்தின் ரேகைகளும் ஒத்துப்போனதால் அடையாளம் தெரிந்தது. ஓனோவுடன் உடன்பாடு செய்துகொண்டு 2015-இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம்விட்டார். உண்மை தெரிந்ததும் உரியவரை அணுகியதால் வழக்கின்றி முடிந்தது.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ பாடல்களின் கையெழுத்துத் தாள்கள் பற்றிய வழக்கும் பாடமே. குழுவின் வரலாற்றை எழுத 1970-களின் இறுதியில் அமர்த்தப்பட்ட எழுத்தாளர் ஒருவர் சுமார் 100 பக்கங்களை வைத்திருந்து பின்னாளில் விற்றார். அவை இரவலாகக் கொடுக்கப்பட்டவையா, நிரந்தரமாகவா என்பதே கேள்வி. பின்பு வாங்கி விற்க முயன்ற மூவர் மீது 2022-இல் நியூயார்க்கில் குற்றச்சாட்டு பதிவானது. புதிய மின்னஞ்சல்கள் தாமதமாக வெளிவந்ததால் 2024 மார்ச்சில், விசாரணையின் நடுவில், அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. தாள்களைத் திரும்பப் பெற ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி பின்னர் உரிமையியல் வழக்குத் தொடர்ந்தார். கொடுத்தபோதே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இத்தனை பேர் நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டாம்.

நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தனக்கு இல்லாத உரிமையை விற்பவரால் பொதுவாக அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கிய நிபந்தனை. அது பொய்யானால் கொடுத்த பணத்தை விற்றவரிடம் கேட்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம்.

வாங்கியது தாளை, பாட்டை அல்ல

பாடல் எழுதிய தாளை வாங்கினால் அந்தத் தாள் உங்களுடையது; பதிப்புரிமை எழுதியவரிடமோ, அவரது வாரிசிடமோ, அதை அவர்களிடமிருந்து வாங்கியவரிடமோதான் இருக்கும். இந்தியாவில் அது எழுதியவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70 ஆண்டுகள். வெளிவராத ஒலிநாடா, கடிதம், புகைப்படம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டில் மாட்டி ரசிக்கலாம், விற்கலாம். அச்சிட்டு விற்பதற்கும், இணையத்தில் ஏற்றுவதற்கும், டி-சட்டையில் போடுவதற்கும் அனுமதி வேண்டும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

எல்லாத் தீர்வுக்கும் காலக்கெடு உண்டு. சந்தேகம் வந்த அன்றே விற்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பொருளையும் அது வந்த பெட்டியையும் அப்படியே வைத்து, விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படமெடுத்துவிடுங்கள். துறை அறிந்த ஒருவரிடம் எழுத்துமூலக் கருத்து வாங்குங்கள்.

இந்திய வணிகரிடம் வாங்கியிருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசலாம். நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாத இணைய மோசடி என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைநழுவ வழிவிடும். தனிநபர் விற்ற பொருள் நுகர்வோர் சட்டத்தில் அடங்காது. உரிமையியல் வழக்கும், மோசடி என்றால் காவல்துறைப் புகாருமே வழி.

வெளிநாட்டு விற்பனையாளர் மீது இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அதை நிறைவேற்றுவது கடினம். அங்கே நீங்கள் பணம் கட்டிய வழிதான் காப்பாற்றும். இ-பே தளத்தில் விவரத்துக்கு மாறான பொருள் வந்தால் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். பே-பால் வழியாகக் கட்டியிருந்தால் 180 நாட்கள் அவகாசம் உண்டு. நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் கட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் “கட்டணம் மிச்சம், நண்பர் கணக்கில் போடுங்கள்” என்று விற்பவர் கேட்டால் விலகிவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரலாம்.

லண்டன் போன்ற இடங்களில் வாழும் நம்மவர்களுக்குக் கூடுதல் பிடிமானம் உண்டு. பிரிட்டனில் வணிகர் விற்ற பொருள் விவரத்துக்கு மாறாக இருந்தால் 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணமும் பெறலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். கலிபோர்னியாவில் கையெழுத்துப் பொருள் விற்கும் வணிகர் சட்டப்படி சான்றிதழ் தராவிட்டாலோ பொய்ச் சான்றிதழ் தந்தாலோ நஷ்டத்தின் 10 மடங்குவரை அபராதம் கோரலாம்.

பணம் கொடுக்கும் முன்

- முந்தைய உரிமையாளர் யார், எப்போது, எப்படி வாங்கினார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.
- “இது அசல், போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவேன்” என்ற வரியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.
- சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் அதன் எண்ணை நீங்களே நேரடியாகச் சரிபாருங்கள்.
- கிட்டார் என்றால் வரிசை எண்ணைப் பழைய மேடைப் புகைப்படங்களோடும் திருட்டுப் புகார்களோடும் ஒப்பிடுங்கள்.
- ஏலத்தில் அடித்த விலையோடு நிறுவனத்தின் தரகு, அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேரும். போலி என்று தெரிந்தால் திருப்பித்தர எத்தனை ஆண்டு அவகாசம் என்பதை விதிகளில் படித்த பிறகே கை தூக்குங்கள்.
- “இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள்” என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பொருட்களுக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், வாங்கிய தேதி, விற்றவர் பெயர், ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அதைக் காட்டி வையுங்கள். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் அசலையும் போலி விலைக்கே விற்க வேண்டியிருக்கும்.