நூலகத்தில் பதுங்கிய காகிதக்கட்டு

நாஜிகளுக்குத் தப்பி 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், 1940-இல் ஜெர்மன் படை நெருங்கியதும் பாரிஸிலிருந்தும் ஓடினார். அந்நகரின் கண்ணாடிக்கூரைக் கடைவீதிகளைப் பற்றி 1927 முதல் அவர் சேர்த்து, எழுத்து வரிசையில் பெயரிட்டு அடுக்கிய குறிப்புக் கட்டுகளை, பிரான்ஸ் தேசிய நூலகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாய் அங்கேயே ஒளித்துவைத்தார். அந்தச் செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையோர ஊரான போர்ட்போவில் பெஞ்சமின் இறந்துபோனார், குறிப்புகள் பிழைத்தன. அச்சான நூல்கள் இருக்கும்போது கையெழுத்துத் தாள்களைக் கட்டிக்காப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் நிம்மதியாக இருந்து எழுதியவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். உயிருக்குப் பயந்து ஓடியவருக்கு எழுதி முடிக்க ஏது அவகாசம்? அரைகுறையாக நின்ற தாள்கள்தான் அவருடைய நூல். பெஞ்சமினின் கடைவீதிக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் முழுமையாக அச்சேறியது 1982-இல்தான்.