ஒருவர் மட்டும் பறக்கும் ஹெலிகாப்டர்!

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் கிடையாது. ஹெலிகாப்டரைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால், தேர்தல் நேரத்தில் தலைவர்கள் யாராவது வந்து இறங்க வேண்டும். புழுதி பறக்கும், கூட்டம் ஓடும். அப்படிப்பட்ட ஹெலிகாப்டரை வீட்டுக் கொட்டகையில் வைத்து நாமே பூட்டலாம் என்றால் நம்புவீர்களா?

கனடா நாட்டின் ஜான் அப்டிக்ரோவ் வடிவமைத்த 'மாஸ்கிட்டோ' அந்த வகைதான். மாஸ்கிட்டோ என்றால் கொசு! பொருத்தமான பெயர்தான். ஒரே ஓர் இருக்கை. பாகங்கள் பெட்டிகளில் வந்து சேரும். வாங்கியவர் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். இந்தப் பாகத் தொகுப்புக்குத்தான் 'கிட்' என்று பெயர்.

கூண்டு இல்லாத மாஸ்கிட்டோவின் எடை சுமார் 115 கிலோ. நம் தெருவில் ஓடும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் எடையும் ஏறக்குறைய அதுதான்! அமெரிக்கச் சட்டப்படி, எடை 115 கிலோவுக்குள்ளும், பெட்ரோல் 19 லிட்டருக்குள்ளும், வேகம் மணிக்கு சுமார் 100 கி.மீ.க்குள்ளும் இருந்தால் அது 'அல்ட்ராலைட்'. அதை ஓட்ட பைலட் உரிமம் கட்டாயமில்லை. ஆனால், பகலில் மட்டுமே பறக்கலாம். ஜனநெருக்கமுள்ள ஊர்களுக்கு மேலே போகக் கூடாது.

எடை ஒன்றுதான் என்றாலும் பலம் ஒன்றல்ல. மோட்டார் சைக்கிளுக்கு 8 குதிரைத்திறன் போதும். இதற்கு 60 வேண்டும். வண்டியைத் தரை தாங்குகிறது. ஹெலிகாப்டரை யார் தாங்குவது? தலைக்கு மேல் சுழலும் இறக்கை, காற்றை ஓயாமல் கீழே தள்ளித் தள்ளித்தான் தன்னைத் தாங்கிக் கொள்கிறது.

வாலில் ஒரு குட்டி விசிறி இருக்கிறதே, அது எதற்கு? சுழல் நாற்காலியில் காலைத் தூக்கி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் 'விசுக்'கென்று வலப்பக்கம் வீசுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். அதேபோல, மேல் இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். வால் விசிறிதான் அதைத் தடுக்கிறது. 1939 செப்டம்பர் 14-ல் இகோர் சிகோர்ஸ்கி தன் வி.எஸ்.300 ஹெலிகாப்டரைக் கயிற்றால் கட்டி வைத்து, தானே ஏறி உட்கார்ந்து சில நொடிகள் எழும்பினார். அதிலும் வால் விசிறி இருந்தது.

இந்தக் குட்டி விசிறியை லேசாக நினைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமத்து இளைஞர், கிட் எதுவும் இல்லாமல், தானே பற்றவைத்து ஓர் ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர் செய்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். என்ன ஒரு திறமை! தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது வால் விசிறி உடைந்து மேல் இறக்கையில் மோதியது. அந்த இறக்கை அவர் தலையில் பட்டு, 24 வயதில் இறந்து போனார்.

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக் கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'பட்'டென்று முறியும் அல்லவா? இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். மேல் இறக்கை நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. வால் விசிறி அதைவிடப் பல மடங்கு வேகம். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் அவை வளைந்து நிமிர்கின்றன. அதனால்தான் முக்கியமான பாகங்களைச் சோதித்து, 'இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடு' என்று கணக்கு வைக்கிறார்கள். பழுது தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட எதையும் பறக்கவிட முடியாது.

சரி, நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால்? கல் மாதிரி விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பைலட் ஒரு பிடியைச் சட்டென்று இறக்கி இறக்கைகளின் சாய்வைக் குறைப்பார். கீழிருந்து வரும் காற்றே இறக்கையைச் சுழற்றும். தரை நெருங்கும்போது சாய்வைக் கூட்டி மெதுவாக இறங்குவார். கொசு ஹெலிகாப்டரின் இறக்கை எடை குறைந்தது. ஓரிரு நொடி தாமதித்தாலும் வேகம் போய்விடும். அதனால் உரிமம் கேட்காத ஊரிலும் பயிற்சி இல்லாமல் ஏறினால் ஆபத்துதான்.

உங்கள் ஊரில் மகாகனி மரம் இருந்தால், காய் வெடித்து விழுந்த விதை ஒன்றை எடுத்து வாருங்கள். உயரத்திலிருந்து போட்டால் சுற்றிச் சுற்றி இறங்கும். பிறகு அதன் இறகை ஒடித்துவிட்டு, அதே உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டும் தரையைத் தொட எத்தனை நொடி என்று எண்ணிப் பாருங்கள்.