அண்ணன் தோளில் வந்த வெள்ளி

டிரையத்லான் பந்தயத்தில் சுருண்டு விழப்போனவரைச் சக வீரர் தாங்கிப் பிடித்தது சரியா? விதிகள் மாறிவிட்டன. கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் சுமார் 700 மீட்டர். அதைக் கடந்துவிட்டால் பந்தயம் ஜானி பிரவுன்லீக்கு. உலக சாம்பியன் பட்டமும் அவருக்கே. 2016 செப்டம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோஸுமெல் தீவில், அந்த ஆண்டின் உலக டிரையத்லான் தொடரின் இறுதிப் பந்தயத்தில் 26 வயது பிரிட்டிஷ் வீரர் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். திடீரென்று கால்கள் பின்னின. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளாடினார். தண்ணீர் வைத்திருந்த மேஜை அருகே ஏறக்குறைய நின்றே போனார்.

பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தென் ஆப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன். மற்றவர் ஜானியின் அண்ணன் அலிஸ்டர். ஒரு மாதத்துக்கு முன்புதான் ரியோ ஒலிம்பிக்ஸில் அலிஸ்டர் தங்கமும் ஜானி வெள்ளியும் ஸ்கூமன் வெண்கலமும் வென்றிருந்தார்கள். இப்போது அலிஸ்டர் ஸ்கூமனோடு மோதி முதலிடத்துக்கு முயன்றிருக்கலாம். முயலவில்லை. தம்பியின் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். ஸ்கூமன் இருவரையும் கடந்து போய் வென்றார். கடைசிச் சில நூறு மீட்டர் தூரம் தம்பியைத் தாங்கியபடியே ஓடி வந்த அலிஸ்டர், கோட்டருகே அவரை முன்னால் தள்ளிவிட்டார். ஜானிக்கு இரண்டாமிடம். அலிஸ்டருக்கு மூன்றாமிடம்.

கோட்டைக் கடந்ததும் ஜானி தரையில் விழுந்தார். அங்கிருந்து மருத்துவமனை. உலகப் பட்டம் ஸ்பெயினின் மாரியோ மோலாவுக்குப் போயிற்று. அன்று ஐந்தாவதாக வந்த மோலா, ஒட்டுமொத்தப் புள்ளிகளில் ஜானியைவிட நான்கே நான்கு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தன் படத்தை வெளியிட்ட ஜானி, அண்ணனின் விசுவாசத்துக்கு நன்றி சொன்னார். அண்ணனோ அவ்வளவு உருகவில்லை. வேகத்தை ஒழுங்காகக் கணக்கிட்டு ஓடியிருந்தால் தம்பியே வென்றிருப்பார் என்று எரிச்சல்பட்டார். கூடவே, அந்த நிலையில் யார் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்றும் சொன்னார்.

உலகம் நெகிழ்ந்தது. படம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஆனால் டிரையத்லான் வட்டாரத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. தன் காலில் நிற்க முடியாத ஒருவர் இரண்டாமிடத்தையும் அதற்குரிய புள்ளிகளையும் பெறலாமா? ஜானியைத் தகுதி நீக்கம் செய்யக் கோரி முறையீடும் வந்தது. அது நிராகரிக்கப்பட்டது. வெளியாட்கள் உதவக் கூடாது என்றுதான் அன்றைய விதி சொன்னது. சக போட்டியாளர் உதவுவதை அது தடுக்கவில்லை.

உள்ளே எரியும் அடுப்பு

ஒலிம்பிக் டிரையத்லான் என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரம்கூடக் கணக்கில் சேரும். 2000ல் சிட்னியில் ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்த விளையாட்டு இது. முன்னணி வீரர்கள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த நேரம் முழுக்க உடம்பு ஒரு அடுப்பு. தசைகள் எரிக்கும் சக்தியில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இயக்கமாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம்.

அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்குத் தெரிந்த முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, உலர வேண்டும். கோஸுமெல் போன்ற கடலோரத்துப் புழுக்கத்தில் அது சுலபமாக உலர்வதில்லை. சென்னையிலோ மும்பையிலோ மே மாதத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை தடுமாற ஆரம்பிக்கிறது. நேராக ஓடுகிறோம் என்று ஓடுபவர் நினைப்பார், கால்கள் கோணலாகப் போகும். இது மன உறுதிக் குறைவல்ல. சொல்லப்போனால் மன உறுதி அதிகமுள்ளவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உடம்பு நிறுத்தச் சொல்லும்போது அவர்கள் கேட்பதில்லை.

பிரவுன்லீ குடும்பத்துக்கு இது புதிதுமல்ல. 2010ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த பந்தயத்தில் இதேபோலக் கடைசி நேரத்தில் நிலைகுலைந்தவர் அலிஸ்டர்தான். முன்னணியில் இருந்தவர் தள்ளாடிப் பத்தாவதாக வந்து விழுந்தார். அன்று அவருக்குத் தோள் கொடுக்க யாரும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் அண்ணன் தங்கம் வென்றார். சைக்கிளில் சற்று முன்னதாக ஏறிவிட்ட தவறுக்காக 15 விநாடி தண்டனை பெற்ற தம்பி வெண்கலம் வென்று, பிறகு மயங்கிச் சரிந்தார். தம்பியின் நடை பின்னுவதைக் கண்டதும் அலிஸ்டருக்குப் புரிந்ததில் வியப்பில்லை. அவர் அந்த வழியாகப் போய் வந்தவர்.

தவழ்ந்து வந்தவர்கள்

இந்த விளையாட்டின் பெயர் பரவியதே ஒரு தோல்வியால்தான். ஹவாய் தீவுகளில் 1978ல் தொடங்கிய அயர்ன்மேன் பந்தயம் இன்னும் கொடூரமானது: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான். 1982 பிப்ரவரியில் பெண்கள் பிரிவில் முன்னணியில் வந்த கல்லூரி மாணவி ஜூலி மாஸ், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். ஜூலி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டபோது வித்தியாசம் 29 விநாடிதான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கர்கள் பலர் வென்றவரின் பெயரை மறந்துவிட்டார்கள். தவழ்ந்தவரை மறக்கவில்லை. 1997ல் அதே ஹவாயில் சியான் வெல்ச், வெண்டி இங்கிரஹாம் என்ற இரு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் தவழ்ந்தபடி நான்காவது இடத்துக்குப் போட்டியிட்டார்கள்.

இந்தக் காட்சிகளில் பார்த்தவர்களின் கை பரபரத்திருக்கும். ஆனால் வெளியாள் தொட்டுத் தூக்கினால் அந்தக் கணமே ஓடியவரின் உழைப்பெல்லாம் வீண். சுற்றி நின்றவர்களால் முடிந்தது கத்தி ஊக்குவிப்பது மட்டுமே.

கோஸுமெலுக்குப் பிறகு சர்வதேச டிரையத்லான் சங்கம் விதியை இறுக்கிற்று. போட்டியாளர் ஒருவர் இன்னொரு போட்டியாளரைத் தாங்கியோ தள்ளியோ முன்னேற உதவக் கூடாது. மீறினால் உதவியவர், உதவி பெற்றவர் இருவருமே தகுதி இழப்பார்கள். அதாவது கோஸுமெல் காட்சி இன்று நடந்தால் சகோதரர்கள் இருவருக்கும் பதக்கம் கிடையாது.

விதியின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜானியை அண்ணன் முன்னால் தள்ளியபோது பின்னால் வந்த ஒருவர் மேடையில் ஏறும் வாய்ப்பை இழந்தார். மோலா இன்னும் ஓரிடம் பின்தங்கியிருந்தால், உலகப் பட்டமே அந்தத் தோளின் பலத்தில் கைமாறியிருக்கக்கூடும். சுருண்டவரை இழுத்துக்கொண்டு ஓடுவது அவருக்கே ஆபத்தாகலாம் என்பது இன்னொரு வாதம். வெப்பத் தாக்குதலில் முதல் வேலை உடம்பைக் குளிர வைப்பது. முடிந்தால் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவது. மருத்துவமனை அதற்குப் பிறகுதான். ஆனால் அலிஸ்டருக்கும் பதில் இருந்தது. மருத்துவர்கள் இல்லாத இடத்தில் தம்பி விழுந்திருந்தால் விபரீதமாகியிருக்கும் என்றார் அவர். மருத்துவ உதவி பெரும்பாலும் காத்திருப்பது முடிவுக் கோட்டில்தானே.

கை கோத்ததற்கு தண்டனை

தொட்டால் குற்றம் என்பது இத்தோடு நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸுக்கான ஒத்திகைப் பந்தயம் நடந்தது. வெயில் கடுமையாக இருந்ததால் பெண்களுக்கான ஓட்டத்தை 10 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ.யாகக் குறைத்தார்கள். பிரிட்டனின் ஜெஸ் லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர் பிரவுன் இருவரும் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சேர்ந்தே ஓடி வந்தார்கள். தோழிகள். கடைசியில் கைகோத்து ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். இருவரையும் தகுதி நீக்கம் செய்தார்கள் நடுவர்கள். முந்த முயலாமல் வேண்டுமென்றே சமநிலையில் முடிக்கக் கூடாது என்ற விதி ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. பின்னால் வந்த பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்கு வெற்றி கிடைத்தது.

அப்படியானால் நட்புக்கு இந்தப் பந்தயத்தில் இடமே இல்லையா? விதிப் புத்தகத்தை நிதானமாகப் படித்தால் இருக்கிறது. சக போட்டியாளருக்குத் தண்ணீர் கொடுக்கலாம். உணவு கொடுக்கலாம். டியூப் பஞ்சரானால் மாற்று டியூபும் பம்பும் கொடுத்து உதவலாம். தன் சைக்கிளையோ சக்கரத்தையோ ஹெல்மெட்டையோ கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுபோகக் கூடாது, அவ்வளவுதான். நண்பர் நடக்க ஆரம்பித்தால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பவரும் வேகத்தைக் குறைத்துக் கூடவே நடக்கலாம். போவது அவருடைய நேரம் மட்டுமே.

பதக்கக் கனவு இல்லாத ஆயிரக்கணக்கான சாதாரணப் பங்கேற்பாளர்களுக்கு இது முக்கியமான செய்தி. 2015ல் சூரிக் அயர்ன்மேனை 49 வயதில் முடித்து மிலிந்த் சோமன் பரபரப்பூட்டினார். 2019ல் கோவாவில் அயர்ன்மேன் 70.3 வந்தது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இங்கெல்லாம் பலரும் ஓடுவது வெல்ல அல்ல, குறித்த நேரத்துக்குள் முடிக்க. பல மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவருக்கு அன்று பார்த்து வயிறு கெட்டுப்போகும், தொடை பிடித்துக்கொள்ளும், நினைத்த நேரம் கைவிட்டுப் போகும். அப்போது தேவைப்படுவது தூக்கிச் செல்லும் தோள் அல்ல. அடுத்த தண்ணீர் மேஜை வரை போய்விடலாம் வா என்று சொல்லும் ஒரு குரல்.

அந்தக் குரல் ஒலிம்பிக்ஸிலும் கேட்டது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021 ஜூலை 27 அன்று நடந்த பெண்கள் பந்தயத்தில், டஃபி தன் சின்னஞ்சிறு நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்று தந்தார். அதற்குச் சுமார் 15 நிமிடம் கழித்து, 34வதாக, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார் பெல்ஜியத்தின் கிளேர் மிஷெல். கோட்டைக் கடந்ததும் தரையில் உட்கார்ந்து விம்மினார். முன்பே 24வதாக முடித்திருந்த நார்வேயின் லோட்டே மில்லர் வந்து அருகில் குனிந்து அவரைத் தட்டிக்கொடுத்தார். நீ போராளி, இதுதான் ஒலிம்பிக் உணர்வு என்று தேற்றினார். பந்தயம் முடிந்திருந்தது, எனவே எந்த விதியும் குறுக்கே வரவில்லை. நான்கே நாளில் கிளேர் மறுபடி களத்தில் இறங்கினார். கலப்புத் தொடர் போட்டியில் அவருடைய பெல்ஜிய அணி ஐந்தாவதாக வந்தது.

ஒலிம்பிக்ஸில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட போட்டி அது. இரு பெண்கள், இரு ஆண்கள். ஒவ்வொருவரும் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி வந்து அடுத்தவரைக் கையால் தொட வேண்டும். தொடாவிட்டால் அவர் புறப்பட முடியாது. அன்று தங்கம் வென்ற பிரிட்டிஷ் அணியில் முதலில் நீந்தியவர் ஜெஸ் லியர்மன்த். அவர் கையால் தொட்டு அனுப்பிய ஆள் ஜானி பிரவுன்லீ. ஜானி தொட்டு அனுப்பியது ஜார்ஜியா டெய்லர் பிரவுனை. கடைசியில் அலெக்ஸ் யீ ஓடி முடித்தார். மூன்றாவது ஒலிம்பிக்ஸில் ஜானிக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.