மாற்றுறுப்பு மருத்துவமும் அதற்குத் துணைநிற்கும் இரு கலைகளும்

கலைகள் பலவாகப் பிரித்துக் கற்பிக்கப்படினும், உயிரைக் காக்க வேண்டிய வேளையில் அவை ஒன்றாய் வந்து கூடுகின்றன. இரசாயனம் பயில்வோர் ஒரு கூடத்திலும், இயந்திர நூல் பயில்வோர் மற்றொரு கூடத்திலும், மருத்துவம் பயில்வோர் வேறொரு கல்லூரியிலும் இருப்பதனால், இவை தம்முள் தொடர்பில்லாதன என்று மாணவர் பலர் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் பொருந்தாதென்பதைக் காட்டுதற்கு, ஒருவர் உடலுறுப்பை மற்றொருவர் உடலிற் பொருத்தும் மருத்துவத்தினும் சிறந்த சான்று இல்லை எனலாம். அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

கடலூர் மாவட்டத்து வடக்குத்து என்னும் ஊர் நெய்வேலி நகரியத்தை அடுத்துள்ளது. 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களில், வாளிகள் கோத்த பெருஞ்சக்கரங்களையுடைய இயந்திரங்கள் மண்ணை அகழ்ந்தெடுப்பதை அப்பக்கத்தார் நன்கறிவர். இயக்குவோர் கைப்பிடியைச் சிறிதே அசைக்க, இரும்புக் கை குன்றுபோன்ற மண்ணைப் பெயர்த்துவிடுகிறது. சிற்றசைவைப் பேரசைவாக்குவது அவ்வியந்திரம். பேரசைவைச் சிற்றசைவாக்கும் இயந்திரக் கையொன்று இன்று மருத்துவமனையிற் பணிபுரிகின்றது. மண்ணும் நிலக்கரியை மட்டுமன்றி, உயிர்காக்கும் மருந்தையும் மாந்தர்க்கு ஈந்துள்ளது. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

முதற்கண், இம்மருத்துவத்திற்கு நேர்ந்த தடை யாதென அறிதல் வேண்டும். பழுதுற்ற உறுப்பை அகற்றி நல்லதொன்றை வைத்துத் தைப்பது கைத்திறம் உடையார்க்கு அத்துணை அரிதன்று. ஆயினும் வைத்த உறுப்பை உடல் ஏற்பதில்லை. நோய்க்கிருமிகளைப் பகையென்றறிந்து அழிக்கும் இரத்த வெள்ளணுக்கள், அயலார் உறுப்பையும் பகையென்றே கொண்டு தாக்குகின்றன. இதனைப் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில அறிஞர் 1940-களில், முயல்களின் தோலை ஒட்டிப் பார்த்துத் தெளிவாக நிறுவினார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்பார் ஒரு சிறுநீரகத்தை மாற்றி வைத்து வெற்றி கண்டார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையராதலின், உடல் அதனை அயலதென்று கருதவில்லை. இரட்டையரல்லாத ஏனையோர் செய்வது யாது? இவ்வினாவுக்கு விடையளித்தது இரசாயனமே.

ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்னும் இருவர் ஆக்கிய அசதியோப்ரின் என்னும் மருந்து, 1960-களில் வெள்ளணுக்களின் பெருக்கத்தை ஒருவாறு அடக்கியது. ஆயினும் அது தேவையான பிற அணுக்களையும் தாக்கிற்று. பின்னர் நார்வே நாட்டுப் பீடபூமியொன்றிலிருந்து கொணர்ந்த ஒரு பிடி மண்ணில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து, சைக்ளோஸ்போரின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பதினொரு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்து நிற்பது அதன் அமைப்பு. ‘பகைவன் வந்தான்’ என்று வெள்ளணுவின் உள்ளே செல்லும் செய்தியை அது இடையில் மறித்துவிடுகிறது; அணுவைக் கொல்வதில்லை. 1978ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்து ராய் கால்ன் இதனை நோயாளர்க்கு அளித்தார். இறந்தோரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறக்குறையப் பாதியே ஓராண்டு நிலைத்த காலம்போய், பத்தில் எட்டு நிலைக்கும் காலம் வந்தது. எனினும், அளவு மிகின் இம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். குறையின் உடல் உறுப்பை ஒதுக்கும். ஆதலின் இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிப்பதும், மருந்தை இடைவிடாது உட்கொள்வதும் இன்றியமையாதன.

இரசாயனத்தின் உதவி இவ்வளவில் நின்றதன்று. உடலினின்று எடுத்த உறுப்பு, இரத்தம் பெறாமையால் விரைவிற் கெடும். வெப்பம் தாழத் தாழ இரசாயன வினைகள் மெல்ல நடக்குமென்பது நாம் வகுப்பிற் கற்ற விதியே. 4 பாகை வெப்பத்தில் உறுப்பின் வினைகள் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறைகின்றன. ஆனால் குளிரில் அணுக்கள் நீரை ஈர்த்து வீங்குமாதலின், அணுவினுட் புகாத பெரிய மூலக்கூறுகளைக் கலந்த கரைசலொன்றை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1980-களில் அமைத்தனர். இவற்றின் துணையால் இருதயம் ஏறக்குறைய 4 மணி நேரமும், சிறுநீரகம் ஒருநாள் அளவும் உயிர்ப்புடன் இருக்கும்.

நிற்க. இயந்திரக் கையைப் பற்றிச் சில சொல்வாம். ரோபோ என்னும் சொல், செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய நாடகத்தால் உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள். மருத்துவமனை ரோபோ தானே எண்ணிச் செயற்படுவதென்று பலர் மயங்குவர். அஃதன்று. மருத்துவர் சற்றுத் தொலைவில் அமர்ந்து, பெரிதாகக் காட்டப்பெறும் உருவத்தைக் கண்டு கைகளை அசைக்கிறார். அவ்வசைவைப் பன்மடங்கு சிறிதாக்கியும், விரல் நடுக்கத்தை நீக்கியும், சிறு துளையின் வழியே உட்சென்ற கருவி நிறைவேற்றுகிறது. 2013ஆம் ஆண்டில், குருகிராமத்து மேதாந்தா மருத்துவமனையினரும் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி போர்டு மருத்துவமனையினரும் கூடி, இம்முறையாற் சிறுநீரகத்தைப் பொருத்தினர். தைக்கும் வேளையில் உறுப்பு சூடேறாதிருக்கப் பனிக்கூழால் அதனைச் சூழவைத்தனர். இயந்திரமும் இரசாயன விதியும் மருத்துவர் கையும் ஓரிடத்து ஒன்றிய காட்சி இது.

நம் தமிழகமும் இத்துறையிற் பின்தங்கியதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1971ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்றம் வெற்றியுடன் செய்யப்பட்டது. 1994ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டம் மூளைச்சாவை மரணமென்று ஏற்றதுடன், உறுப்புக்களை விலைக்கு விற்றலையும் வாங்கலையும் குற்றமாக்கியது. வறியோரின் வறுமையே சந்தைப் பொருளாகாதவாறு காக்கும் வேலி இச்சட்டம். 2008ஆம் ஆண்டில், சென்னைக்கருகே விபத்தில் மூளைச்சாவுற்ற மைந்தனின் உறுப்புக்களை அவன் பெற்றோர் மனமுவந்து ஈந்தனர். அவன் இருதயத்தை ஏந்திச் சென்ற வண்டிக்கு நகரின் சாலைகள் வழிவிட்டன. அதன்பின் மக்கள் மனம் பெரிதும் மாறியது. உறுப்பீந்தோர் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் எனத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் அறிவித்தது.

மூளைச்சாவு என்பது நினைவிழந்த உறக்கமன்று. நினைவிழந்தோர் மீளக்கூடும்; மூளைச்சாவுற்றோர் மீளார். மருத்துவர் நால்வர் அடங்கிய குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே அதனை உறுதிசெய்தல் வேண்டுமென்பது விதி. இவ்வேறுபாட்டை அறியாமையால் எழும் ஐயமே, துயருற்ற குடும்பத்தார் பலரைத் தயங்கச் செய்கிறது. அத்தயக்கத்தின் மறுபுறத்தில், வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே கிடக்கும் நோயாளர் காத்திருக்கின்றனர். பூஞ்சையினின்று மருந்தெடுக்கலாம், இரும்பாற் கைசெய்யலாம், உறுப்பை மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் முழுமையாக ஆக்கவில்லை. அதனை மனிதனே மனிதனுக்கு ஈதல் வேண்டும்.

வடக்குத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் நாடோறும் இளைஞர் பலர் இருசக்கர வண்டிகளில் விரைகின்றனர். தலைக்கவசம் அணிந்து தம் உயிரைக் காத்தல் அவர்தம் முதற்கடன். உறுப்பீதல் பற்றித் தம் கருத்தை வீட்டாரிடம் நல்ல நாளிலேயே சொல்லிவைத்தல் அடுத்த கடன். ஏனெனில் இறுதியில் இசைவு தரவேண்டியவர் வீட்டாரே. அவ்வூரை அடுத்த வடலூரில் 1867ஆம் ஆண்டில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் பசித்தோர்க்கு உணவளித்து வருகின்றது. பிறர் துயரைத் தம் துயராகக் கொள்ளும் அந்நெறியே இம்மருத்துவத்திற்கும் அடிப்படையாகும். எக்கலையைப் பயிலினும், அக்கலை ஒருநாள் யாரோ ஒருவர் உயிருக்குத் துணையாகும் என்னும் நினைவோடு நம் மாணவர் பயில்வாராக.